தையல்கடைக்குக் கீழே யுரேனியம்

“நாளைக்கு என் புள்ள ரெண்டு தலையோட பொறந்தா நீ வந்து தொட்டில் ஆட்டுவியாடி?”

“ரெண்டு தலையோட பொறந்தா ரெண்டு தொப்பி தைச்சுத் தர்றேன். வீட்டை விக்கிற பேச்சை மட்டும் எடுக்காதே.”

“தொப்பியாம்! கேட்டீங்களா, தொப்பி தைக்கிறாளாம்! ஏங்க, உங்க காதுல விழுதா, இல்ல அதையும் சேர்த்துத் தைச்சுட்டாளா?”

கடைசிக் கேள்வி அவள் புருஷனுக்கு. மாடிப்படியின் நடுவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துகிறவள் மூத்தவள். மாசமாக இருக்கிறாள். கீழே ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து முகம் காட்டாமல் பதில் கொடுக்கிறவள் அவள் தங்கை, எங்கள் தெருவின் தையல்காரி. படிக்கட்டின் அடியில் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிற மனுஷன் மூத்தவளின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் பஸ்ஸைத் திருப்பிவிடுவார். இந்த அக்கா தங்கை நடுவில் மட்டும் அவருக்கு முன்னாலும் போக வராது, பின்னாலும் போக வராது.

நான் எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். அதனாலென்ன, இன்னொரு தடவை காய்ந்தால் கெட்டா போய்விடும்?

“மாமா, நீங்களாவது சொல்லுங்க. எங்க அம்மா எங்க ரெண்டு பேருக்கும்னு வச்சுட்டுப் போன வீடு. நான் கையெழுத்துப் போடாம விக்க முடியாது. நான் போடமாட்டேன். கடையைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?” என்றது திரை.

“யுரேனியத்து மேல படுத்துத் தூங்குன்னு எங்கம்மா சொல்லல!” என்றாள் மூத்தவள். “நீ முதல்ல வெளிய வந்து பேசு. மூஞ்சியைக் காட்டுடி!”

“கண் வலி. உனக்கு ஒட்டிக்கும்.”

“எத்தனை நாளைக்குடி ஒருத்திக்குக் கண் வலிக்கும்?”

எனக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு மலையடிவாரத்தில் போய் முடிகிறது. அந்த மலைக்குள் ஒரு பிளவு ஓடுகிறதாம். எப்போதோ, மனிதர்கள் சண்டை போடப் பிறக்காத காலத்தில், பாறை தானாகவே இரண்டாக உடைந்து ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி நின்றுவிட்டதாம். உடைந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். தண்ணீரில் கரைந்து வருகிற யுரேனியம் தோதான இடம் பார்த்து அங்கங்கே தங்கிவிடும். அதனால் யுரேனியம் தேடுகிறவர்கள் மலை முழுக்கத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை, பிளவைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். கேட்டதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு வீட்டு விஷயம் வேண்டுமென்றால் நானும் வாசலில் போய் நின்று விசாரிப்பதில்லை. அந்த வீடு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கே காதை வைப்பேன்.

இந்தத் தேடலுக்காக ஒரு குழு இரண்டு ஜீப்பில் வந்து, தெருக்கோடியில் வீடு பிடித்துத் தங்கியது. தலைவர் எப்போதும் சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கக்கத்தில் வைத்திருப்பார். சாப்பிடும்போதும் இறக்கி வைத்ததாக யாரும் பார்த்ததில்லை. தெரு அவருக்கு வரைபடம் என்றே பெயர் வைத்தது. அவருக்குக் கீழே ஒரு இளைஞன். பாறை படித்தவன், ஒல்லி, வெயிலில் வெந்த மூக்கு. அவன் கையில் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. சாதாரண இடத்தில் அது நிதானமாக டிக், டிக் என்னும். யுரேனியம் மாதிரி கதிர் விடுகிற எதையாவது கண்டால் டிகுடிகுவென்று ஓடும். எண்ணும் ஏறும். எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது. தெரு அவனுக்கு டிக்டிக் என்று பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் எங்கள் தெரு என்றைக்கும் தாமதித்ததில்லை.

டிக்டிக் முதலில் தையல்கடைக்கு வந்தது பை தைக்க. மலையில் உடைத்தெடுக்கிற கல்லை ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டத் துணிப்பைகள் வேண்டுமாம். வாயில் சுருக்குக் கயிறு, வெளியே சீட்டு வைக்க ஒரு குட்டிப் பாக்கெட்.

“கல்லுக்குப் பாக்கெட் வச்ச சட்டையா?” என்று அவள் கேட்டாள்.

“ஆமாங்க. அளவெடுக்க வேணாம், எல்லாம் ஒரே சைஸ்,” என்றான் அவன்.

அவள் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரிப்பதே அபூர்வம். ஆள் இளைத்துக்கொண்டே வந்தாள், கை நடுங்கியது, ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை எச்சில் தொட்டாள். எனக்குத் தைத்த சட்டையில் வலது கை ஒரு நீளம், இடது கை ஒரு நீளம். “என்னம்மா, எனக்குக் கை ரெண்டும் வேற வேறன்னு நினைச்சியா?” என்று கேட்டேன். “மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி,” என்றாள். ஆன்ட்டியாம்! கோணல் கையைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

அப்புறம் ஒருநாள் நூல் வாங்கப் போகிறேன் என்று பட்டணத்துக்குப் போனாள். சாயங்காலம் திரும்பும்போது கையில் நூலைக் காணோம். கறுப்புக் கண்ணாடியும் கழுத்தைச் சுற்றி ஒரு துணியும்தான் இருந்தது. கண் வலி என்று சொல்லிக் கடையை மூடிவிட்டு, கடைக்குள்ளேயே படுத்துக்கொண்டாள். அக்கா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு மேலே போகவேண்டும், பிறகு இவள் வந்து எடுத்துக்கொள்வாள். தட்டு தனி, டம்ளர் தனி, துணி துவைப்பது தனி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கழிவறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தண்ணீர் இறங்குகிற சத்தம். எதிர்வீட்டிலிருந்து இதெல்லாம் கேட்குமா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்க வேண்டும் என்றிருந்தால் கேட்கும்.

அவள் திரும்பி வந்த மறுநாள்தான் குழு எங்கள் தெருவுக்குள் இறங்கியது. வரைபடத்தில் பிளவு மலையிலிருந்து கல்குவாரி வரைக்கும் அழுத்தமான கோடு, அதற்கப்புறம் விட்டுவிட்டுப் போட்ட கோடு. அதாவது இப்படி ஓடலாம் என்று ஊகம். ஊகக்கோடு நேராக எங்கள் தெருவைத் தாண்டியது. டிக்டிக் வாசல் வாசலாகப் பெட்டியை நீட்டிக்கொண்டு வந்தான். என் வாசலில் அது சோம்பேறித்தனமாக டிக் என்றது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எதிரே தையல்கடை கேட்டுக்குப் போனான். பெட்டி குதித்தது. டிகுடிகுடிகுடிகுவென்று தெரு முழுக்கக் கேட்டது.

வரைபடம் தன் வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். ஊகக்கோடு நேராகத் தையல்கடை மேல் போய் உட்கார்ந்திருந்தது. அந்த மனுஷன் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை அவர் கல்யாண போட்டோவில்கூட யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பெட்டிச் சத்தம் ஒன்று, வரைபடக் கோடு ஒன்று. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? பின்கட்டில் துளை போட இயந்திரம் வரும் என்றார். மூத்தவள் மாடியிலிருந்து இதைக் கேட்டாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் வீட்டை விற்றுவிட்டுப் புருஷன் ஊருக்கே போய்விடுவோம் என்கிற பேச்சு.

அவளையும் குறை சொல்ல முடியாது. போன தடவை தங்காமல் போய்விட்டது. அப்போது அவள் பல வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாதத்தைப் பிசைந்து ஊட்டியதும் தலை வாரிவிட்டதும் இந்தத் தங்கைதான். இந்தத் தடவை டாக்டர் எழுந்திரு என்றால்தான் எழுந்திருக்கிறாள், உட்கார் என்றால்தான் உட்காருகிறாள். டிக்டிக்கை மாடிக்குக் கூப்பிட்டு, பின்பக்கத்துப் படுக்கையறை முழுக்க அளக்கச் சொன்னாள். அங்கே பெட்டி சாதுவாக இருந்தது.

“இங்க ஒண்ணுமே இல்லீங்க, எங்க ஆபீசைவிடக் கம்மி,” என்று அவன் சொன்னான்.

“கீழே இருக்கறது ஒருநாள் மேலே ஏறாதுன்னு எழுதிக் கொடுப்பியா தம்பி?” என்று கேட்டாள்.

யுரேனியத்துக்கு மாடிப்படி ஏறத் தெரியாது என்று எழுதிக்கொடுக்க அவன் படிப்பில் இடமில்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டான்.

இனிமேல்தான் விசேஷம். பாறையை ஒரு தடவை அளந்தால் போதும். அது எங்கே போய்விடப்போகிறது? மலையில் அவன் அளந்த இடம் எதற்கும் இரண்டாம் தடவை போனதில்லை. ஆனால் தையல்கடை வாசலுக்கு மட்டும் தினமும் காலையில் வந்தான். ஜீப் கிளம்புவதற்கு முன்னால், தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வருவான். கேட்டுத் தூணின் மேல் அதே இடத்தில் பெட்டியை வைத்து, உலகத்திலேயே முக்கியமான வேலை மாதிரி குனிந்து பார்ப்பான். திரை லேசாக அசையும்.

“இன்னிக்கு எவ்வளவு?”

“நேத்தைவிடக் கொஞ்சம் கம்மிங்க.”

“உங்க யுரேனியம் இளைச்சுக்கிட்டே போகுது போல.”

“சரியாச் சாப்பிடறதில்லையோ என்னவோ. நீங்க சாப்பிட்டீங்களா?”

“படியில வச்சிருக்கு. பைதான் பாதியில நிக்குது. கண் சரியானதும் தைச்சுடறேன்.”

“பைக்காக வரலைங்க.”

“பின்ன?”

“அளக்க.”

“ஒரே இடத்தையா? தினமுமா?”

“பாறையை நம்பக்கூடாதுங்க,” என்று சொல்லிவிட்டு மூக்கு சிவக்கப் போய்விடுவான். மூக்கு ஏற்கெனவே சிவப்பு என்பதால் அவள் கவனித்திருக்கமாட்டாள். நான் கவனித்தேன்.

ஒருநாள் அவள் ஜன்னல்கட்டையில் ஒரு பையை வைத்துவிட்டு உள்ளே தள்ளிப்போனாள். மாதிரிக்காக முன்னமே தைத்து வைத்திருந்ததாம். கல்லுக்கு வேண்டிய குட்டிப் பாக்கெட்டின் மேல் சின்னதாக ஒரு மூக்கு, சிவப்பு நூலில். அவன் அதில் கல் போடவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு காலையில் பெட்டியைப் பார்த்தவன் நிமிரவே இல்லை. திரை வழக்கம்போல “இன்னிக்கு எவ்வளவு?” என்றது. அவன் கேட்டைத் திறந்துகொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போனான். அவள் உடனே “கிட்ட வராதீங்க!” என்றாள். அவன் நின்றான். நான் அப்போது கீழே இறங்கி வந்து என் வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் செடிக்கு அன்றைக்கு விழுந்த தண்ணீரில் அது அழுகியே போயிற்று.

“பாதியாயிடுச்சுங்க,” என்றான் மெதுவாக.

“எது?”

“இங்க கேக்கற சத்தம். முதல்ல மழை ஈரம்னு நினைச்சேன். ஈரம்னா ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். இது இறங்கிக்கிட்டே இருக்கு. யுரேனியம் பாதியாகணும்னா இந்தப் பூமிக்கு எவ்வளவு வயசோ அவ்வளவு காலம் ஆகும். ஒரு வாரத்துல பாதியாகற பாறை கிடையாது.” பெட்டியைக் கீழே வைத்தான். “ஒரு மருந்து இருக்கு. கழுத்துல இருக்கிற தைராய்டு அளவுக்கு மீறி வேலை செஞ்சா கொடுப்பாங்க. அதுலயும் கதிர் இருக்கும். உடம்புல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்.”

திரையை உள்ளேயிருந்து ஒரு கை இழுத்து மூடியது.

“கை நடுங்கினதைப் பார்த்தேன்,” என்றான். “நான் தப்பா சொல்லியிருந்தா திட்டிடுங்க.”

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரே ஒரு மாத்திரைதான் கொடுத்தார்களாம். கொடுத்தவர் கையில் உறை, இடுக்கியில் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாராம். முழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் மூன்று வாரம் யாரையும் ஒட்டி நிற்காதே, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்திலேயே சேர்க்காதே என்று சொல்லி அனுப்பினார்களாம்.

“அக்காகிட்டச் சொன்னா அவ அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பா. இல்லாட்டி ராத்திரி பகல் தூங்காம வயித்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அதான் கண் வலின்னேன். தள்ளியிருக்கத்தானே சொன்னாங்க? கண் வலியும் தள்ளித்தானே வைக்குது? உங்க பெட்டி என்னைத்தான் கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே கீழே இருக்குன்னுதான் நானும் பயந்துக்கிட்டிருந்தேன்.”

“இப்ப சொல்லிடலாமே. துளை போடறதும் நின்னுடும், வீடு விக்கிறதும் நின்னுடும்.”

“இத்தனை நாள் அதை உடம்புல வச்சுக்கிட்டு அவளுக்குக் கீழேயே படுத்திருந்தேன்னு சொல்லவா? அவ என் மூஞ்சியில முழிப்பாளா? வேணாம். சத்தியமாச் சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு.”

“மாடியில அளந்தேனே. அவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேரல. நீங்க அவ்வளவு சரியாத் தள்ளியிருந்திருக்கீங்க.”

“சத்தியம்?”

“சத்தியம். வீட்டுக்கு நான் வழி பண்றேன்,” என்றான்.

ஒரு முழு நாள் நான் இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. “என்ன, உடம்பு சரியில்லையா? பேசவே காணோம்,” என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் துளை போடுகிற இயந்திரம் லாரியில் வந்து இறங்கிவிட்டது. தெருவே வாசலில் நின்றது. மூத்தவள் படியில், பஸ்காரர் படிக்கு அடியில். வரைபடம் கக்கத்திலிருந்து வரைபடத்தை உருவும்போது டிக்டிக் முன்னால் போய் நின்றான்.

“சார், இறக்க வேணாம். இங்க ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது.”

“என்ன தப்பு?”

“இங்க அளக்கும்போது மலையில எடுத்த கல் ஒண்ணு என் சட்டைப்பையில இருந்திருக்கு. அதைத்தான் பெட்டி கேட்டிருக்கு.”

இது எப்படிப்பட்ட தப்பு என்று எனக்குப் பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர்தான் சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற மாதிரியாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்தாலே காலம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்களாம். அவர் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வரைபடம் சிரிக்கவில்லை. “பக்கத்து வாசல்ல ஏன் ஏறல?”

“அங்க... சட்டையைக் கழட்டியிருந்தேன் சார்.”

“நடுத்தெருவுலயா?”

“வெயிலா இருந்துது.”

“ஒரு நாள் இல்ல, தினமும் இங்க அளந்திருக்கே. தினமும் பையில கல்லா?”

“தினமும் சார்.”

“கல்லைப் பையில போட்டுக்கிட்டு, தினம் காலையில, இந்த ஒரு வாசலுக்கு மட்டும் எதுக்குய்யா வந்தே?”

டிக்டிக்கின் காது, கழுத்து எல்லாம் மூக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஏதோ எட்டிப் பார்த்தது. கல் இல்லை, அவள் தந்த பையின் சுருக்குக் கயிறு. முதலில் சிரித்தது பஸ்காரர். அப்புறம் எல்லாரும்.

“சரி,” என்றார் வரைபடம். “இந்தப் பிளவை மலையில மோப்பம் பிடிச்சதே நீதான்னு தலையில தூக்கி வச்சிருந்தேன். நாளையிலிருந்து நீ மலை ஏற வேணாம். ஆபீசுல உட்கார்ந்து பைக்குச் சீட்டுக் கட்டு. பைதான் உனக்குப் பிடிக்குதே.”

“சரிங்க சார்,” என்றான் அவன். பிளவைத் தேடி இரண்டு வருஷம் காட்டில் படுத்தவன். குரலில் ஒரு பிசிறுகூட இல்லாமல் சரி என்றான்.

கடைக் கதவு திறந்தது.

கறுப்புக் கண்ணாடி இல்லாமல், கழுத்துத் துணி இல்லாமல் வெளியே வந்தாள். கண்ணில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. தெளிவான கண்.

“அவர் பையில கல் இல்ல சார். இருக்கறது என் கழுத்துல.”

“உள்ள போங்க,” என்று டிக்டிக் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “நான்தான் சத்தியம் பண்ணினேனே.”

“நீங்க பண்ணினீங்க. நான் பண்ணலையே. என்னால நீங்க எதுக்குச் சீட்டுக் கட்டணும்?” என்றாள். பிறகு படியில் நின்றவளைப் பார்க்காமல், வரைபடத்தைப் பார்த்து மாத்திரைக் கதையைச் சொன்னாள்.

வரைபடம் லேசில் நம்புகிறவரா? கையிலிருக்கும் கோடு பெரிதா, ஒரு பெண்ணின் கழுத்து பெரிதா? “நீங்க வீட்டைக் காப்பாத்தச் சொல்றீங்கம்மா,” என்றார்.

“அப்படீன்னா பெட்டியை எடுத்துக்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பார்த்ததை நான் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் முன்னால். நாலைந்து அடி தள்ளி வரைபடம் பெட்டியை நீட்டிக்கொண்டு. அவருக்குப் பின்னால் வரைபடச் சுருளைச் சுமந்துகொண்டு டிக்டிக். ரொம்பத் தள்ளி, சுவரை ஒட்டி, தெரு. அவள் சலூனைத் தாண்டினால் சலூன் வாசலில் டிகுடிகு. பால்கடையைத் தாண்டினால் பால்கடையில் டிகுடிகு. பால்கடைக்காரர் ஒரு கணம் தனக்கும் யோகம் அடித்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார். அவள் நகர்ந்தாள், சத்தமும் நகர்ந்தது, அவர் உட்கார்ந்துவிட்டார். காலியான தையல்கடை வாசலுக்கு வரைபடம் ஓடிப்போய் அளந்தார். என் வாசல் மாதிரியே சோம்பேறி டிக். உலகத்தில் எத்தனையோ பிளவு இருக்கலாம். தெருமுனை வரைக்கும் காலாற நடந்து போய்த் திரும்பி வந்த பிளவு எங்கள் தெருவில் மட்டும்தான்.

வரைபடம் சுருளை வாங்கி விரித்தார். பென்சிலை எடுத்து, ஊகக்கோட்டைக் கல்குவாரியோடு நிறுத்தினார். பிறகு இயந்திரத்தை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டு, டிக்டிக்கிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு நேரத்தோட மலைக்கு வந்து சேரு,” என்றார். மன்னிப்பு என்று அதைத்தான் சொல்லவேண்டும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் சொல்லமாட்டார்.

மூத்தவள் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை திரும்பி வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“அக்கா, உனக்கு ஒண்ணும் ஆகல. நான் உன் பக்கத்துல வரவே இல்ல. நீ கதவைத் தட்டினப்பல்லாம் நான் அந்தக் கோடியிலதான் உட்கார்ந்திருந்தேன். வேணும்னா வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். நீ என்னைத் திட்டு.”

“யாரு கூட வந்தா?” என்றாள் மூத்தவள்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்குடி. அந்த மாத்திரையை முழுங்கறப்ப பக்கத்துல யாரு இருந்தா?”

“யாரும் இல்ல.”

“யாரும் இல்லையாம்!” மூத்தவள் எங்கள் எல்லாரையும் பார்த்துக் கத்தினாள். நான் ஏதோ கூடப் போகமாட்டேன் என்று சொன்ன மாதிரி. “உறை போட்ட கையால எவனோ இடுக்கியில எடுத்துக் கொடுத்தானாம், இவ தனியா உட்கார்ந்து முழுங்கிட்டு, பஸ் பிடிச்சு வந்து, கண் வலின்னாளாம்! எனக்கு ஊட்டி விட்டியேடி! சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தவளை மடியில போட்டுத் தலை வாரினியேடி! உனக்கு ஒண்ணுன்னா நான் படியில தட்டை வச்சுட்டுப் போகணுமா?”

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று இறங்கி வந்தாள். தங்கை “வராதே, வராதே” என்று பின்னோக்கியே நடந்து நடுத்தெருவுக்குப் போனாள். பஸ்காரர் முதல்முறையாக நடுவில் புகுந்து கையை நீட்டி நிறுத்தினார். அவருக்கு ஹார்ன் இல்லாதது ஒன்றுதான் குறை.

டிக்டிக்தான் வழி கண்டுபிடித்தான். கடைக்குள் போய், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து வந்தான். அவளைக் கடை வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தான். சத்தம் குறைந்து குறைந்து, சாதாரண டிக் வந்த இடத்தில், கேட்டைத் தாண்டித் தெருவில், நீளமாக ஒரு கோடு போட்டான். பஸ்காரர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போட்டார். மூத்தவள் உட்கார்ந்தாள்.

“இங்கிருந்தே திட்டலாமா தம்பி?”

“தாராளமாத் திட்டலாங்க. சத்தத்துக்குத் தடையே இல்ல.”

“வீட்டை விக்கறதில்ல,” என்றாள் மூத்தவள் தங்கையைப் பார்த்து. “முதல்ல அதைக் கேட்டுக்கோ. அப்புறம் திட்டறேன்.” ஆனால் திட்ட வாயைத் திறந்தவள் அழுதுவிட்டாள். அந்தப் பக்கத்து நாற்காலியும் அழுதது. நானும்தான். பால்கனிக்குப் போகக்கூட மறந்து தெருவிலேயே நின்று அழுதேன்.

டாக்டர் சொன்ன கெடு முடிகிறவரைக்கும், அதற்கப்புறமும் மூத்தவளுக்குத் தைரியம் வருகிறவரைக்கும், டிக்டிக் தினம் காலையில் வந்து அளந்தான். இப்போது காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, வாசலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் புதுக்கோடு போடுவான். நாற்காலி நகரும். அக்காவும் தங்கையும் முதலில் கத்திப் பேசினார்கள், எனக்கு வசதியாக இருந்தது. பிறகு சாதாரணமாகப் பேசினார்கள். பிறகு என்ன பேசினார்கள் என்றே கேட்கவில்லை. ஒருநாள் கோடு வாசற்படிக்கே வந்துவிட்டது. மறுநாள் அவன் சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, போட இடமில்லாமல் நின்றான். மூத்தவள் எழுந்து போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள். பெட்டி டிக் என்றது, என் வாசலில் சொன்ன மாதிரியே.

“அப்ப நாளைக்கு வரமாட்டீங்களா?” என்று தையல்காரி அக்காவின் தோளுக்கு மேலாகக் கேட்டாள்.

“பாறையை நம்பக்கூடாதுங்க,” என்றான் அவன்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரே தலைதான். ஆனால் சித்தி இரண்டு தொப்பி தைத்திருந்தாள், பேச்சு மாறாதவள். குழந்தைக்குத் தலை நின்றதும் கல்யாணம். பிளவு கல்குவாரியைத் தாண்டி எங்கள் பக்கம் வராமல் வேறு திசைக்குத் திரும்பிவிட்டதாம். குழு அதன் பின்னாலேயே போனது. டிக்டிக்கும் போனான், கூட அவளும் போனாள், ஜீப்பின் பின்னால் தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு. வீட்டை விற்கக்கூடாது என்று ஜன்னலுக்குப் பின்னால் நின்று சண்டை போட்டவள் இப்போது ஏதோ ஒரு மலைக்குக் கீழே, கூடாரத்தில் உட்கார்ந்து கல்லுக்குப் பாக்கெட் வைத்த பை தைக்கிறாள். விற்றே தீருவேன் என்று படியில் நின்று கத்தியவள் வீட்டைவிட்டு அசையவில்லை. கடைக்குள் தினமும் பெருக்குகிறாள், யாராவது வாடகைக்குக் கேட்டால் “என் தங்கச்சி வருவா” என்று விரட்டிவிடுகிறாள். பஸ்காரர் மலைப்பாதை வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாரம் ஒரு தடவை மாமியார் வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒரு தூக்குச்சட்டி அந்தப் பக்கம் போகிறது, ஒரு மூட்டை செய்தி இந்தப் பக்கம் வருகிறது. அவர் பஸ் நிறுத்தி இறங்குவதற்குள் நான் கீழே இறங்கிவிடுவேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற. புதுச் செடி வாங்கி வைத்திருக்கிறேன்.